மதர்போட் போய்விட்டது என்றார்கள்

"மதர்போட் போயிற்று. வேற ஒண்டுதான் போட வேணும்." எங்கள் பகுதியில் வீட்டில் கணனி வைத்துத் தட்டச்சு வேலை செய்யும் பெண்கள் அனேகமாக எல்லோரும் ஒரு தடவையாவது கேட்டிருக்கும் வார்த்தை இது. வைத்தியர் நோயின் பெயரைச் சொல்வது போல அதைச் சொல்லிவிடுகிறார்கள். நாங்களும் தலையை ஆட்டிவிட்டு, சீட்டுக் காசை எடுக்கலாமா, காதில் கிடப்பதை ஈடு வைக்கலாமா என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். அந்த நோய் உண்மையில் இருக்கிறதா என்று கேட்பதில்லை.

எனக்கு இதைச் சொன்னது 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில். அந்த ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம். மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. கணனிச் சாமான்கள் எல்லாமே வெளிநாட்டிலிருந்து வருபவை. முன்பு யோசிக்காமல் வாங்கக்கூடியதாக இருந்த ஒரு வயர்கூட அப்போது யோசித்து வாங்கும் பொருளாகிவிட்டது. பாவித்த மதர்போட் ஒன்றுக்கே நகரத்துக் கடையில் 18,000 ரூபா கேட்டார்கள்.

என்னுடைய கணனி கடையில் முழுதாக வாங்கியது அல்ல. 2013இல் உறவுக்காரத் தம்பி ஒருவர் கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பாகம் பாகமாக வாங்கி வந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துப் பூட்டித் தந்தது. அப்போது மண்முனைப் பாலம் இல்லை, அது 2014இல்தான் திறக்கப்பட்டது. மொனிட்டரைப் பழைய சேலையால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பாதையில் ஏறி வாவியைக் கடந்து படுவான்கரைக்குக் கொண்டு வந்தோம். தம்பி பூட்டும்போது ஸ்க்ரூவை எடுத்துக் கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். அதனால் எது எங்கே செருகப்படுகிறது என்பது எனக்குத் தெரியும். இப்படிக் கையால் பூட்டிய கணனியின் பெரிய நன்மை இதுதான் என்று நினைக்கிறேன். மதர்போட், அதன் மேல் இருக்கும் புரொசெசர், றாம், ஹாட் டிஸ்க், பவர் சப்ளை, கேசிங். இந்த ஆறையும் பிரித்துப் பார்த்தவளுக்கு அது ஒரே பெட்டி அல்ல. ஆறு பேர் கூடிச் செய்யும் வேலை. ஒருவருக்குச் சுகமில்லை என்றால் ஆறு பேரையும் மாற்றத் தேவையில்லை.

கோளாறு இப்படித்தான் இருந்தது. கணனியைப் போட்டால் பத்துப் பதினைந்து நிமிடம் ஒழுங்காக வேலை செய்யும். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். மறுபடி போட்டால் வரும், மறுபடி அணையும். எழுதிக்கொண்டிருந்த கடிதம் பாதியில் போய்விடும்.

நான் தட்டச்சுச் செய்பவை பெரும்பாலும் பாடசாலை வினாத்தாள்களும் பிரதேச செயலகத்துக்கான விண்ணப்பங்களும். இவற்றோடு இன்னொரு கோப்பும் இருக்கிறது. 1990, 1991ஆம் ஆண்டுகளிலும் பிறகு 2006, 2007இலும் காணாமல்போனவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் ஒவ்வொரு ஆணைக்குழுவுக்கும் கொடுத்த கடிதங்கள், காணாமல்போனோர் அலுவலகம் 2018இல் இயங்கத் தொடங்கிய பிறகு கொடுத்தவை, பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டுகளின் ஸ்கான் பிரதிகள், கறுப்பு வெள்ளைப் படங்கள். சிலருடைய மூலப் பத்திரம் கறையான் அரித்துப் போய்விட்டது, சிலருடையது வெள்ளத்தில் போனது. இப்போது இருப்பது இந்தப் பிரதி ஒன்றுதான். என் அண்ணனுடையதும் அதற்குள் இருக்கிறது. ஆகையால் கணனி நின்றபோது எனக்கு மதர்போட்டைப் பற்றிய கவலை இரண்டாவதுதான்.

2007 மார்ச்சில் படுவான்கரையே கிளம்பி வாவிக்கு இந்தப் பக்கம் வந்தபோது எதை முதலில் எடுத்தோம்? பானை சட்டியை அல்ல. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணிப் பத்திரம் போட்ட பொலித்தீன் பையைத்தான். சுனாமிக்குப் பிறகு அந்தப் பை எங்கள் எல்லோருடைய வீட்டிலும் வாசலுக்குக் கிட்டவே தொங்கியது. கணனியில் அந்தப் பை ஹாட் டிஸ்க். வேறு எந்தப் பரிசோதனைக்கும் முன்னர், பிளக்கைக் கழற்றிவிட்டு அதன் இரண்டு வயர்களையும் எடுத்து, நான்கு ஸ்க்ரூவையும் கழற்றி, துணியில் சுற்றி ஒரு தோழியின் வீட்டுக்குக் கொண்டு போனேன். அவருடைய கணனியில் இணைத்து, கோப்பு முழுவதையும் இரண்டு பென் ட்ரைவில் எடுத்தோம். ஒன்று அவரிடம், மற்றது என்னிடம். இப்படிச் செய்ததும் மனம் அமைதியாகிவிட்டது. அமைதியான மனத்தோடுதான் கோளாறு தேட முடியும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திருத்தக் கொடுக்கும் இடத்தில் "விண்டோஸைப் புதுசாப் போட்டாச்சு" என்று உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துத் தந்த கதைகள் எத்தனையோ உண்டு. கடைக்குக் கொடுப்பதாக இருந்தாலும் ஹாட் டிஸ்க்கை வீட்டில் வைத்துவிட்டுக் கொடுங்கள். கோளாறு அதில் இல்லையென்றால் அவர்களுக்கு அது தேவையில்லை.

பெட்டியை நான் திறந்தபோது பக்கத்து வீட்டு மாமி வேலியால் எட்டிப் பார்த்தா. "என்னகா புள்ள, கரண்டுச் சாமான். உனக்கென்னத்துக்கு இந்த வேல? ஆம்பிளப் புள்ளகள் ஆரையும் கூப்பிடன்" என்றா. மாமியின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கே கரண்ட் இருக்கிறது, எங்கே இல்லை என்று தெரிந்துகொண்டால் அந்தப் பயம் சரியான இடத்தில் நிற்கும். சுவரில் இருந்து வரும் 230 வோல்ட் பவர் சப்ளை என்ற தகரப் பெட்டிக்குள் மட்டுமே போகிறது. அதிலிருந்து வெளியே வரும் வயர்களில் 12, 5, 3.3 வோல்ட்டுக்கு மேல் இல்லை. 12 வோல்ட் என்பது மோட்டார் சைக்கிள் பற்றரியின் அளவு. ஆனால் அந்தத் தகரப் பெட்டியை மட்டும் திறக்கக் கூடாது. அதற்குள் இருக்கும் கெப்பசிற்றரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் சில நேரம் நிற்கும். நான் இன்று வரை அதைத் திறந்ததில்லை, திறக்கவும் மாட்டேன்.

ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் எழுதத் தொடங்கினேன். காலையில் போட்டது, 14 நிமிடம் நின்றது. மத்தியானம், 6 நிமிடம். ஒன்றும் செய்யாமல் பயோஸ் திரையை மட்டும் திறந்து வைத்தபோது, 40 நிமிடம். இந்த மூன்று வரியே நிறையச் சொல்லிவிட்டது. வெக்கையான நேரத்திலும் வேலை கூடிய நேரத்திலும் விரைவாக அணைகிறது. அப்படியென்றால் இரண்டு பேரில்தான் சந்தேகம். ஒன்று, புரொசெசர் சூடாகித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைகிறது. அல்லது, பவர் சப்ளைக்குத் தேவையான அளவு கொடுக்க இயலவில்லை.

புரொசெசரின் சூட்டைப் பயோஸ் திரையிலேயே பார்க்கலாம். 46 பாகை காட்டியது. அது பயமில்லாத அளவு. என்றாலும் விசிறியைக் கழற்றிப் பெயின்ட் பிறஷ்ஷால் தூசியைத் தட்டினேன். உள்ளே செத்துக் காய்ந்த பல்லி ஒன்றும் கிடந்தது. தூசி போன பின்பும் அதே கோளாறு.

அடுத்து யூ.பி.எஸ்ஸை விலக்கிவிட்டு நேரே சுவரில் கொடுத்தேன். மாற்றமில்லை. சீ.டி. ட்ரைவைக் கழற்றினேன், இரண்டு றாமில் ஒன்றைக் கழற்றினேன், பிறகு அதைப் போட்டு மற்றதைக் கழற்றினேன். ஒரு தடவைக்கு ஒன்று மட்டும். இந்த இடத்தில் எல்லோருக்கும் அவசரம் வரும், இரண்டு மூன்றைச் சேர்த்து மாற்றிவிடத் தோன்றும். அப்படி மாற்றிக் கணனி வேலை செய்தாலும் எதனால் செய்தது என்று தெரியாது. தெரியாதபோது அடுத்த மாதமும் காசு செலவாகும்.

கடைசியில் ஊரில் றேடியோ திருத்தும் அண்ணன் ஒருவரிடம் மீற்றரை இரவல் வாங்கினேன். அவருக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். யுத்த காலத்தில் பற்றரி கொண்டு வரத் தடையிருந்தபோது யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டார்கள் அல்லவா, அந்தத் தலைமுறை ஆள். பவர் சப்ளையில் பாவிக்காமல் தொங்கும் நான்கு ஊசி பிளக் ஒன்று எப்போதும் இருக்கும். அதில் மஞ்சள் வயர் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு இரண்டும் பூச்சியம். மீற்றரின் கறுப்பு முனையைக் கறுப்பிலும் சிவப்பு முனையை மஞ்சளிலும் வைத்து, முனைகள் இரண்டும் ஒன்றில் ஒன்று முட்டாமல் பார்த்துக்கொண்டு கணனியைப் போட்டேன். மஞ்சள் வயரில் 11.4க்கும் 12.6க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. தொடக்கத்தில் 11.8 இருந்தது. விண்டோஸ் எழும்பியபோது 11.3. பிறகு மெல்ல மெல்ல இறங்கி, 10.8 வந்தவுடன் திரை இருண்டது. மூன்று தரம் செய்து பார்த்தேன், மூன்று தரமும் அப்படித்தான்.

தோழியின் கணனியில் இருந்த பவர் சப்ளையைக் கழற்றி என்னுடையதில் பூட்டியபோது இரண்டு மணித்தியாலம் அணையாமல் ஓடியது. பிறகு கரண்ட் போனதால்தான் நின்றது. பாவித்த பவர் சப்ளை ஒன்று 3,500 ரூபாவுக்குக் கிடைத்தது. "போயிற்று" என்று சொன்ன அந்த மதர்போட்டில்தான் இந்தக் கட்டுரையையும் எழுதுகிறேன்.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பெட்டி வருகிற இடத்தில் ஒவ்வொன்றுக்கும் 14 நிமிடம் காத்திருந்து கொப்பியில் எழுத அவருக்கு நேரமில்லை. பெரியதை மாற்றினால் கோளாறு போகும் என்பது அவருடைய அனுபவம். நேரம் எங்களிடம்தான் இருக்கிறது. அதுவும் அந்த மாதம் வேறு என்ன இருந்தது!

பவர் சப்ளை ஏன் பழுதாகிறது? அதற்குள் இருக்கும் கெப்பசிற்றர்களில் ஒரு திரவம் உண்டு. சூட்டில் அது மெல்ல வற்றிப் போகும். சூடு 10 பாகை கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மின்னியல் படித்தவர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. தகரக் கூரையின் கீழே கணனி வைத்திருக்கும் எங்களுக்கு இது கசப்பான கணக்குத்தான். இதற்கு முன்பு என்னிடம் பழைய கணனி ஒன்று இருந்தது. அதன் மதர்போட்டில் சின்னச் சின்ன உருளைகளின் தலை உப்பி, கபில நிறத்தில் கசிந்திருந்தது. 1999 முதல் 2007 வரையான காலத்தில் செய்யப்பட்ட கணனிகளில் உலகம் முழுவதும் இந்தக் கோளாறு வந்தது. கெப்பசிற்றரில் ஊற்றிய திரவத்தின் சேர்மானம் பிழைத்துப்போனதுதான் காரணம். அந்த நாளில் உங்களுக்கு யாராவது பழைய கணனி அன்பளிப்பாகத் தந்து அது ஆறு மாதத்தில் நின்றிருந்தால், நீங்கள் பாவித்த விதம் சரியில்லை என்று யாரும் சொல்ல விடாதீர்கள். கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கக்கூடிய கோளாறு அது. தலை தட்டையாக இருந்தால் சுகம், உப்பியிருந்தால் வருத்தம்.

எங்கள் வாவிக்கரையில் கணனிக்கும் காலத்துக்குத் தக்க நோய்தான். மாரியில் ஈரம். வாவியின் உப்புக் காற்று ஒருபுறம், கல்லடிப் பக்கம் இருப்பவர்களுக்குக் கடல் காற்று மறுபுறம். றாமின் ஓரத்தில் இருக்கும் பொன்னிறப் பட்டிகள் மங்கிவிடும். கணனி போட்டால் விசிறி சுற்றும், திரையில் ஒன்றும் வராது, சிலவற்றில் பீப், பீப் என்று கத்தும். பிளக்கைக் கழற்றி, கேசிங்கின் தகரத்தை ஒருமுறை தொட்டுவிட்டு, இரு பக்கக் கிளிப்பையும் விலக்கி, றாமை எடுத்து அந்தப் பட்டியை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்து மறுபடி 'டக்' என்று சத்தம் கேட்கும் வரை அழுத்தினால் பெரும்பாலும் எழும்பிவிடும். கடையில் இதற்கு நான் கண்ட கட்டணம் 1,500 ரூபா.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் தூசி. பெட்டியை நிலத்தில் வைக்காமல் வாங்கில் வைத்தாலே பாதி குறையும்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி மின்னல். கரண்ட் பிளக்கைக் கழற்றினால் போதும் என்று நினைக்கிறோம். மின்னல் டெலிபோன் வயராலும் வரும். அதையும் கழற்ற வேண்டும். மின்வெட்டு முடிந்து கரண்ட் வரும் முதல் நிமிடங்களில் வோல்ட் ஏறி இறங்கும். பத்து நிமிடம் பொறுத்துப் போடுவது நல்லது.

மணிக்கூடு பிழைப்பதும் ஒரு கோளாறு. மதர்போட்டில் காசு போன்ற பற்றரி ஒன்று இருக்கிறது. சீ.ஆர். 2032 என்று கேட்டால் மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். அது தீர்ந்தால், பிளக்கைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் கணனி பழைய ஆண்டுக்குப் போய்விடும். ஒரு தங்கச்சியின் கணனியில் கடிதத் தலைப்பில் தானாக விழும் திகதி 2011 என்று வந்தது. காணாமல்போனவரைப் பற்றிய முறைப்பாட்டில் திகதி மாறினால் அந்தத் தாய் எத்தனை கதிரைக்கு முன்னால் நின்று விளக்கம் சொல்ல வேண்டும்! நல்ல காலம், அச்சிடுவதற்கு முன்னமே கண்டுவிட்டோம். இணையத்தளங்கள் திறக்காமல் "பாதுகாப்பில்லை" என்று அடம்பிடித்தாலும் முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள்.

கேசிங்கில் கை வைத்தால் மெல்லியதாகச் சுண்டுகிறது என்று பலர் சொல்கிறார்கள். இதைச் சிறிய விசயமாக விடக் கூடாது. வீட்டுத்திட்ட வீடுகள் சிலவற்றில் பிளக்கில் மூன்று துளை இருக்கும், ஆனால் எர்த் வயர் நிலத்துக்குப் போயிருக்காது. கணனியைத் திருத்தி இது போகாது. வயரிங் செய்பவரைக் கூப்பிட்டு எர்த் கம்பியையும் ட்ரிப் சுவிச்சையும் பார்க்கச் சொல்லுங்கள். வெறுங்காலோடு ஈர நிலத்தில் நின்று பெட்டியைத் தொடக் கூடாது.

மாமி சொன்ன "ஆம்பிளப் புள்ளகள்" என்பதற்கு ஒரு பதில் பிறகுதான் எனக்குக் கிடைத்தது. 1946 பெப்ரவரியில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் எனியாக் என்ற கணனியை உலகத்துக்குக் காட்டினார்கள். ஒரு பெரிய அறை நிறைய இருந்த அதற்குள் பழைய றேடியோவில் இருப்பது போன்ற வால்வுகள் ஏறத்தாழ 18,000. அதற்கு வேலை சொல்லிக் கொடுத்தவர்கள் ஆறு பெண்கள். கே மக்நல்ட்டி, பெட்டி ஜெனிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்கொப், பிரான் பிலாஸ், றூத் லிச்டர்மன். பாதுகாப்பு அனுமதி இல்லையென்று முதலில் அவர்களை அறைக்குள்ளேயே விடவில்லை. வயர் ஓடும் படங்களை வைத்துத்தான் படித்தார்கள். பிறகு 18,000 வால்வில் எது பழுது என்று ஏறக்குறையச் சுட்டிக் காட்டும் அளவுக்கு அவர்களுக்கு அது பழகிவிட்டது. விழா முடிந்து பெரியவர்களுக்கு இராப்போசனம் நடந்தபோது அந்தப் பெண்களை அழைக்கவில்லையாம். அது எங்களுக்குப் புதுச் செய்தி அல்ல. அடுத்த ஆண்டு, 1947 செப்டெம்பர் 9ஆம் திகதி, ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் இன்னொரு கணனி நின்றது. உள்ளே அந்துப்பூச்சி ஒன்று அகப்பட்டிருந்தது. அதை எடுத்துக் குறிப்புப் புத்தகத்தில் ஒட்டி வைத்தார்கள். அந்தக் கொப்பி இன்றும் அமெரிக்க நூதனசாலையில் இருக்கிறது. என் பல்லியை நான் ஒட்டி வைக்கவில்லை, கோழிக்குப் போட்டேன்.

இப்போது அயலிலுள்ள நான்கைந்து பெண்களின் கணனிகளை நாங்கள் சேர்ந்து பார்க்கிறோம். பொதுவில் ஒரு மீற்றர், ஒரு பவர் சப்ளை, ஒரு றாம் வாங்கி வைத்திருக்கிறோம். மாற்றிப் போட்டுப் பார்ப்பதற்கு இந்த மூன்றும் போதும். ஒவ்வொரு கணனிக்கும் ஒரு கொப்பி உண்டு. எல்லாம் சரிவருவதில்லை. ஒரு புரொசெசர் எரிந்தே போயிருந்தது, அதற்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சென்ற கிழமை வாவிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கொண்டு வந்த பெட்டி இன்னும் என் மேசையில் இருக்கிறது. நீண்ட பீப் ஒன்றும் குறுகிய பீப் இரண்டும் வருகிறது. பெரும்பாலான மதர்போட்டில் அது திரைப்படம் காட்டும் காட்டைக் குறிக்கும். அந்தக் காட்டைக் கழற்றித் துடைத்துப் போட்டும் போகவில்லை. ஹாட் டிஸ்க்கை எடுத்து அவரிடமே கொடுத்தாயிற்று. நாளைக்குக் காட் இல்லாமல், மதர்போட்டில் இருக்கும் மொனிட்டர் துளையிலேயே கொடுத்துப் பார்க்க வேண்டும்.